காணாமல்போன விமானங்கள்

தரையிறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு டாக்சிவேக்குள் திரும்புகிறது. அடுத்த நொடி அங்கே எதுவும் இல்லை. புகை இல்லை, வெடிச்சத்தம் இல்லை. சுவடே தெரியாமல் மறைந்துவிட்டது. 2000-களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் பறந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

அதற்கு முன் அந்த வானம் பெரும்பாலும் வெறிச்சோடித்தான் கிடந்தது. இதன் முன்னோடியாக புரூஸ் ஆர்ட்விக் 1980-இல் ஆப்பிள் 2 கணினிக்குக் கொண்டுவந்த முதல் சிமுலேட்டரிலும் கணினி ஓட்டும் விமானங்கள் உண்டு. ஆனால் அவை முதல் உலகப்போர்க் கால எதிரிகள். சண்டைக்கு வருவது மட்டுமே அவற்றின் வேலை. 2001 இறுதியில் வந்த ஃப்ளைட் சிமுலேட்டர் 2002-இல்தான் மற்ற விமானங்கள் அட்டவணைப்படி கிளம்பி, கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் சொல்கேட்டு, வரிசையில் நிற்கப் பழகின.

கூட்டம் வந்ததும் கோளாறும் வந்தது. மறைவதற்குக் காரணம் தேடியவர்கள் முதலில் விமானத்தையே குடைந்தார்கள். குற்றவாளி பார்க்கிங்கில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்துமிடத்துக்கும் ஓர் ஆரம் குறிக்கப்பட்டிருக்கும். போயிங் 747-400-இன் இறக்கை வீச்சு 64.4 மீட்டர், அதில் பாதியே 32 மீட்டரைத் தாண்டும். 30 மீட்டர் ஆரமுள்ள இடங்கள் எத்தனை காலியாக இருந்தாலும் அதற்கு உதவாது. இடம் கிடைக்காத விமானத்தை மென்பொருள் சத்தமில்லாமல் அழித்துவிடும். பண்டிகை நாளில் கடைத்தெருவில் கார் நிறுத்த அலைந்தவர்களுக்கு அந்த வசதி வாய்ப்பதில்லை!

ஏஎஃப்கேட் என்ற இலவச மென்பொருள் இதற்கு மருந்தானது. அதில் விமான நிலையத்தின் வரைபடத்தைத் திறந்து, வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும், 747 ஒழுங்காக வந்து நிற்கும். முன்னால் இறங்கியது ஓடுபாதையை விட்டு விலகத் தாமதித்ததால் பின்னால் வந்தது மறுபடி மேலேறிச் சுற்றுகிறதா? வெளியேறும் பாதை ஒன்றைக் கூடுதலாக வரைந்தார்கள்.

இதைவிடச் சாமர்த்தியமான வேலை ஒன்றும் நடந்தது. காற்று வீசும் பக்கத்தைப் பார்த்து, ஒரே திசையிலுள்ள ஓடுபாதைகளை மட்டும் திறப்பது சிமுலேட்டரின் பிடிவாதம். ஒன்றையொன்று குறுக்கிடும் ஓடுபாதைகள் கொண்ட பெரிய நிலையங்களில் பாதி தார்ச்சாலை சும்மா கிடந்தது. ரசிகர்கள் என்ன செய்தார்கள்? எந்த விமானமும் இறங்க முடியாத துண்டு ஓடுபாதைகளை வெவ்வேறு கோணங்களில் நட்சத்திரம்போலப் போட்டு, கணக்கைக் குழப்பினார்கள். எல்லா ஓடுபாதைகளும் திறந்துகொண்டன. நிரலில் ஒரு வரிகூடத் தொடாமல் அதை ஏமாற்றிய இந்த வித்தைக்கு, தயாரித்தவர்களே தொப்பியைக் கழற்றியிருக்கலாம்.

2006-இல் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தபோது புதுத் தலைவலி. போக்குவரத்து ஃபைல்களின் வடிவம் மாறியிருந்தது. பழைய பதிப்பின் ஃபைல் ஒன்றே ஒன்று எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருந்தால், புதிய வடிவத்தில் இருந்தவை அத்தனையும் படுத்துவிடும். ஆர்பிட், பசிஃபிகா என்று கூடவே வந்த கற்பனை நிறுவனங்களின் விமானங்களும் வராது. எந்தப் பிழைச் செய்தியும் திரையில் தோன்றாது. ஃபைல்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப்போட்டு, சிமுலேட்டரைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பார்கள். ஒட்டிக்கொண்டிருந்த அந்த ஒன்று வெளியே போனதும், காலியாகக் கிடந்த வாயில்களில் ஆர்பிட் விமானங்கள் மீண்டும் வந்து நிற்கும்.