கசலும் பிளமெங்கோவும்: ஜொகூரில் தங்கிய ஓர் இசையின் வரலாறு

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியிலுள்ள செவில் நகருக்கு இரண்டு மூன்று நாள் உலாச் செல்வோர் தவறாமல் நாடுவது பிளமெங்கோ இசை. மதுக்கடையின் பின்கட்டில் ஒரு பாடகர், ஒரு கித்தார், தாளத்திற்குக் கைத்தட்டு, குதிகாலால் தரையை அதிரவைத்து ஆடும் ஒரு பெண், அவ்வளவுதான் அரங்கு. ஜொகூர் பாருவுக்கு வருவோர் அத்தகைய ஒன்றைத் தேடுவதில்லை. தேடினால் கிடைக்கும். அதன் பெயர் கசல். இரண்டின் பிறப்பையும் ஆராயப் புகுந்தால், இரண்டிலும் இந்தியாவின் பெயர் அடிபடுவதைக் காணலாம்.

ஜொகூர் பாரு பழம்பெரும் நகரன்று. 1855இல் தெமெங்கோங் டாயேங் இப்ராகிம் தஞ்சோங் புத்திரி என்னும் கடற்கரைச் சிற்றூரில் குடியேற்றத்தைத் தொடங்கினார். அவர் மகன் அபூபக்கர் 1866இல் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயரிட்டார். சிங்கப்பூரில் சூதாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. ஜொகூரில் அதற்கு உரிமம் உண்டு. ஆகவே நீரிணையைக் கடந்து கேளிக்கைக்கு வரும் கூட்டம் அந்நாளிலேயே இருந்தது. 1903இல் ரயில் சிங்கப்பூரின் வடகரையை எட்டியதும் அக்கூட்டம் பெருகியது. ‘வார இறுதிப் பயணம்’ இந்நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று எண்ணுவோர் இதனைக் கருத வேண்டும்.

அரண்மனையோ இசையை விரும்பியது. ஜொகூர் மாநிலப் பண்ணுக்கு 1879இல் இசை அமைத்தவர் மெக்கர்டிச் காலிஸ்டன் என்னும் ஆர்மீனியர். அத்தகைய கலப்பான ஊரில் கசல் வேரூன்றியதில் வியப்பில்லை.

கசல் என்பது அரபுச் சொல். அராபியரின் காதற் கவிதை பாரசீகத்தில் வளர்ந்து, உருது மொழியில் செழித்து, வட இந்தியாவில் இசை வடிவம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ரியாவ்-லிங்கா, சிங்கப்பூரின் தெலோக் பெலாங்கா வழியாக ஜொகூரை அடைந்தது என்பர். இங்கு வந்தபின் அது அடைந்த மாறுதலே கவனிக்கத்தக்கது. சாரங்கியின் இடத்தை வயலின் பிடித்தது. சித்தாரின் இடத்தைக் கித்தார் பிடித்தது. அராபியரின் கம்புஸ் உடன் சேர்ந்தது. ஆர்மோனியமும் தபலாவும் மட்டும் அசையவில்லை. பாட்டோ முற்றிலும் மலாயாகிவிட்டது. ஈரடி உருதுக் கண்ணிகள் போய், நான்கடிப் பந்துன் வந்தது. முதல் இரண்டடி ஓர் இயற்கைக் காட்சியைக் காட்டி நிற்க, பின் இரண்டடி உள்ளத்தைத் திறக்கும் அப்பாடல் வகை இதற்கெனவே பிறந்ததுபோல் பொருந்தியது. இவ்வடிவத்தை ஜொகூரில் நிலைபெறச் செய்த முன்னோடியாக ஹாஜி மூசா பின் யூசுப் போற்றப்படுகிறார். பாக் லோமாக் என்றால்தான் பலருக்கும் தெரியும்.

இவ்விசையைப் பரப்பியதில் நாடகக் கொட்டகைக்கும் பங்குண்டு. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்கள் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. அவற்றைப் பார்த்தே மலாய் மொழியில் பங்சாவான் நாடகம் எழுந்தது. அதே பார்சிக் குழுக்கள் சென்னைக்கும் சென்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்துத் தமிழ் மேடையில் ‘பார்சி மெட்டு’ ஒலித்தது அதனால்தான். ஆக, மதுரை நாடகக்காரரும் ஜொகூர்க் கசல் பாடகரும் ஒரே கொட்டகையில் காது பழகியவர்களின் வழியினர் எனலாம். ஆர்மோனியத்தைச் சுதேசி என்று கொள்வோரும் உளர். அதன் காப்புரிமை 1842இல் பாரிஸில் டெபெய்ன் என்பவர் பெற்றது! அனைத்திந்திய வானொலி 1940இல் அதனை விலக்கி வைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்தே தடை தளர்ந்தது. வானொலி விலக்கிய அக்காலத்தில் ஜொகூரில் அது இசையின் முதுகெலும்பாக இருந்தது.

இனி ஸ்பெயினுக்கு வருவோம். ஹித்தானோ என்று அங்கு அழைக்கப்படும் ரோமா மக்கள் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவை விட்டகன்றவர்கள். இதனை மொழியே காட்டிக்கொடுத்தது. 1782இல் ரூடிகர் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவர்கள் பேச்சுக்கும் இந்துஸ்தானிக்கும் உள்ள உறவை நிறுவினார். 1425இல் அவர்கள் ஸ்பெயினில் காணப்படுகின்றனர். 1499இல் நிலையாகக் குடியேறு, இன்றேல் வெளியேறு என்று ஆணை பிறந்தது. 1749 ஜூலையில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக ஆயிரக்கணக்கானோர் ஒரே சமயத்தில் பிடித்துச் சிறையிடப்பட்டனர். பிளமெங்கோவின் கதறல் இத்துயரை அறிந்த குரல்.

அதனால் பிளமெங்கோ இந்திய இசை ஆகிவிடுமா? ஆகாது. ஆண்டலூசிய நாட்டுப் பாடல், மூர்களின் இசை எனப் பலவும் அதில் கலந்துள்ளன. நம்மவர் சிலர் நரிக்குறவரையும் ரோமா மக்களையும் ஒன்றாக்கிப் பெருமை பேசுவர். நரிக்குறவர் பேச்சு குஜராத்திக்கு நெருங்கியது என்பதற்கு மேல் சான்று செல்லவில்லை. கசலின் நிலை வேறு. அங்கே மக்கள் வந்தனர், மொழி தேய்ந்தது, குரல் நின்றது. இங்கே கருவிகளும் மெட்டும் வந்தன, அவற்றைத் தம் மொழிக்கு ஆளாக்கியவர் மலாய்க்காரர். உரிமை கொண்டாட நமக்கு இடம் குறைவு. உறவு கொண்டாட இடம் நிறைய உண்டு. ஊது என்னும் அராபிய வாத்தியம் மேற்கே ஸ்பெயினுக்கும், கிழக்கே கம்புஸாக ஜொகூருக்கும் போன கதையும் அத்தகையதே.

கலை மறையும் என்ற அச்சம் இரு ஊருக்கும் பொது. 1922 ஜூனில் இசையமைப்பாளர் பாயா, கவிஞர் லோர்கா முதலியோர் கிரானடாவில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தினர். தொழில்முறைப் பாடகரால் கலை கெட்டது என்று கருதி அவர்களைப் போட்டியில் சேர்க்கவில்லை. பரிசு பெற்றோரில் ஒருவர் முதியவர், ஒருவர் சிறுவர். ஆனால் அக்கலையை வாழவைத்தவர் அவர்கள் விலக்கிய தொழில்முறைப் பாடகரே. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெற்றது. ஜொகூர்க் கசலுக்கு மதுக்கடை இல்லை, நுழைவுச் சீட்டு இல்லை. திருமண வீட்டிலும் விழா மேடையிலும் கலைஞர் அமர்ந்து வாசிக்க, விருந்தினர் அமர்ந்து கேட்கின்றனர். தபலா வாசிப்பவர் அங்கே பெரும்பாலும் மலாய் இளைஞர். அடிக்கும் சொற்கட்டோ வட இந்தியாவில் பிறந்தது.