நோயுறாத எலி: அகநச்சின் ஏற்பி கண்டறியப்பட்ட வரலாறு

1892ஆம் ஆண்டில், பெர்லினில் ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஃபைஃபர், காலரா பாக்டீரியாக்களைச் சூடேற்றிக் கொன்று கினிப்பன்றிகளின் உடலில் செலுத்தினார். செத்த பாக்டீரியாக்களே அவ்விலங்குகளைக் கொன்றன. அன்று அறியப்பட்டிருந்த டிப்தீரியா, டெட்டனஸ் நச்சுகள் உயிருள்ள பாக்டீரியா வெளியே சுரப்பவை, வெப்பத்தில் சிதைபவை. ஃபைஃபர் கண்டதோ வெப்பத்தைத் தாங்கியது. பாக்டீரியாவின் உடலோடு பிணைந்திருந்தது. அதற்கு அவர் அகநச்சு என்று பெயரிட்டார்.

அந்த நச்சு எப்படிக் கொல்கிறது என்ற கேள்விக்கு விடை காண ஒரு நூற்றாண்டு ஆயிற்று. டிப்தீரியா நச்சு உயிரணுவுக்குள் புகுந்து புரத உற்பத்தியை நிறுத்துகிறது. அகநச்சு அப்படி எதையும் செய்வதில்லை. ஆனாலும் மிகச் சிறிய அளவே காய்ச்சலை உண்டாக்குகிறது. அளவு கூடினால் இரத்த அழுத்தம் சரிந்து விலங்கு மடிகிறது.

முதலில் முன்னேறியது வேதியியல்தான். ஜெர்மனியில் ஓட்டோ வெஸ்ட்ஃபாலும் ஓட்டோ லூடெரிட்சும் 1952இல் சூடான ஃபீனாலையும் நீரையும் கொண்டு அகநச்சைப் பிரித்தெடுக்கும் முறையை வகுத்தனர். அது கொழுப்பும் சர்க்கரையும் இணைந்த லிப்போபாலிசாக்கரைடு என்பதும், நச்சுத்தன்மை முழுவதும் லிப்பிடு-ஏ என்ற கொழுப்புப் பகுதியில் இருக்கிறது என்பதும் படிப்படியாகத் தெளிந்தன. 1980களின் நடுப்பகுதியில் ஓசாகாவில் ஷிபா, குசுமோட்டோ குழுவினர் ஈ. கோலை பாக்டீரியாவின் லிப்பிடு-ஏவை ஆய்வகத்திலேயே செயற்கையாக உருவாக்கினர். இயற்கையான லிப்பிடு-ஏ செய்ததையெல்லாம் அதுவும் செய்தது. கலந்திருக்கும் வேறு ஏதோ ஒரு புரதம்தான் காரணம் என்ற ஐயம் அத்துடன் நீங்கியது. இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் பலர் இந்த வேதியியலாளர்களை ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அது நியாயமன்று, எதைத் தேடுவது என்று தெரிந்த பிறகே தேடல் தொடங்க முடியும்.

அடுத்த தடயம் ஓர் எலி வகையிலிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட சி3எச்/எச்இஜே எலிகள், பிற எலிகளைக் கொல்லும் அளவு அகநச்சைச் செலுத்தினாலும் பிழைத்துக்கொள்வது 1960களில் தெரியவந்தது. 1978இல் அக்குறைபாட்டுக்குரிய மரபணு நான்காம் குரோமோசோமில் இருப்பது கணிக்கப்பட்டது. இவ்வெலிகளில் நடந்த இரண்டு சோதனைகளை நான் பெரிதும் முக்கியமாகக் கருதுகிறேன். ஒன்றில், அவற்றின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்து, சாதாரண எலியின் மஜ்ஜையைப் பொருத்தினார்கள். அதுவரை அகநச்சைத் தாங்கிய எலிகள் இப்போது அதற்குப் பலியாயின. கொல்வது நச்சு அல்ல, மஜ்ஜையில் பிறக்கும் நோயெதிர்ப்பு அணுக்களின் எதிர்வினையே என்பது அங்கே உறுதியாயிற்று. இன்னொன்றில், உயிருள்ள சால்மோனெல்லா பாக்டீரியாக்களைச் செலுத்தியபோது, பிற எலிகள் சமாளிக்கும் சிறு எண்ணிக்கையே இவற்றைக் கொன்றது. அகநச்சை உணராத உடலுக்குத் தொற்றை எதிர்க்கவும் இயலவில்லை.

1985இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் பாய்ட்லரும் ஆன்டனி செராமியும், மேக்ரோஃபேஜ் அணுக்கள் வெளியிடும் டிஎன்எஃப் என்ற புரதத்தை எதிர்பொருளால் முடக்கினால் எலிகள் அகநச்சுக்குத் தப்புவதைக் காட்டினர். அழற்சியைக் கிளப்பும் பொருள் தெரிந்துவிட்டது. அதை வெளியிடச் சொல்லும் ஏற்பி தெரியவில்லை. 1990இல் அகநச்சைப் பற்றும் சிடி14 புரதம் அடையாளம் காணப்பட்டது. ஆனால் அது அணுச்சவ்வின் வெளிப்புறத்தோடு நின்றுவிடுகிறது; செய்தியை உள்ளே கடத்தும் பகுதி அதற்கில்லை.

இந்தக் கட்டத்தில்தான் பழ ஈ வருகிறது. ஈயின் கருவளர்ச்சிக்குத் தேவையான டோல் மரபணு, பூஞ்சைத் தொற்றிலிருந்தும் அதைக் காக்கிறது என்று 1996இல் ஸ்ட்ராஸ்பூர்கில் ஜூல் ஹோஃப்மனின் குழு நிறுவியது. மறு ஆண்டே, யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிடோவும் சார்லஸ் ஜேன்வேயும் மனிதரிடம் உள்ள, டோல் போன்ற ஓர் ஏற்பியை (டிஎல்ஆர்) வெளியிட்டனர். அது செயற்கையாகத் தூண்டப்பட்டால் அழற்சி மரபணுக்கள் விழிக்கும் என்று காட்டினர். இயற்கையில் அது எதை உணர்கிறது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை. 1998இல் வேறு குழுக்கள் டிஎல்ஆர்2 என்ற உறவு ஏற்பியே அகநச்சை உணர்வதாக அறிவித்தன. அவர்கள் பயன்படுத்திய அகநச்சில் பாக்டீரியாவின் லிப்போபுரதம் கலந்திருந்தது பின்னர் வெளிப்பட்டது. மீண்டும் தூய்மைப்படுத்தியதும் அந்த விளைவு மறைந்தது.

சி3எச்/எச்இஜே எலியின் குறைபாட்டுக்குரிய மரபணுவை டாலஸில் 1993 முதல் தேடிவந்த பாய்ட்லரின் குழு, 1998 டிசம்பரில் அதை வெளியிட்டது. அது டிஎல்ஆர்4. சி3எச்/எச்இஜே எலிகளில் அந்தப் புரதத்தின் 712ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் ஹிஸ்டிடின் இருந்தது. அகநச்சுக்கு அசையாத மற்றோர் எலி வகையில் அம்மரபணுவே இல்லை. தனித்தனியாகப் பிறந்த இரண்டு குறைபாடுகள் ஒரே மரபணுவைச் சுட்டின. 2011 நோபல் பரிசில் ஹோஃப்மனும் பாய்ட்லரும் இடம்பெற்றனர். ஜேன்வே 2003இலேயே மறைந்துவிட்டார்.

டிஎல்ஆர்4 தனித்து இயங்குவதில்லை. எம்டி-2 என்ற துணைப் புரதம் அதனோடு சேர்ந்திருப்பதை 1999இல் ஜப்பானியர் கண்டனர். ஈ. கோலையின் லிப்பிடு-ஏவில் ஆறு கொழுப்புச் சங்கிலிகள் உண்டு. 2009இல் தென் கொரியாவில் ஜீ-ஓ லீயின் குழு தீர்த்த படிகக் கட்டமைப்பின்படி, ஐந்து சங்கிலிகள் எம்டி-2இன் குழிக்குள் அமர்கின்றன. வெளியே நிற்கும் ஆறாவது, பக்கத்து டிஎல்ஆர்4ஐத் தொட்டு இரண்டையும் இணைக்கிறது. இணைந்த ஏற்பிகள் உள்ளே மைடி88 என்ற புரதத்தின் வழியாக என்எஃப்-கப்பாபி புரதத்தை விடுவிக்க, அது உட்கருவுக்குள் சென்று டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6 முதலியவற்றின் மரபணுக்களை இயக்குகிறது. பிளேக் பாக்டீரியா மனித உடல் வெப்பத்தில் நான்கு சங்கிலிகளே கொண்ட லிப்பிடு-ஏவை உருவாக்கி இந்தக் கண்காணிப்பிலிருந்து நழுவுகிறது. ஆறு சங்கிலிகளை உருவாக்கும்படி 2006இல் மாற்றியமைக்கப்பட்ட பிளேக் பாக்டீரியாவால் எலிகளைக் கொல்ல முடியவில்லை.

நான்கு சங்கிலிகளோடு வடிவமைக்கப்பட்ட எரிடோரான் மருந்து எம்டி-2இன் குழியை அடைத்தது. ஆயினும், கடும் செப்சிஸ் (தொற்றுக்கு உடல் காட்டும் கட்டுமீறிய எதிர்வினை) கண்ட ஏறத்தாழ 2,000 நோயாளிகளிடம் அதைச் சோதித்த ஆய்வு 2013இல் வெளியானபோது, இறப்பு குறையவில்லை என்பதே முடிவு. அதே ஆண்டில், டிஎல்ஆர்4 அற்ற எலிகளும், முன்கூட்டியே வேறொரு தூண்டல் பெற்றிருந்தால், அகநச்சால் இறப்பது தெரியவந்தது. அணுவுக்குள்ளேயே கேஸ்பேஸ்-11 என்ற நொதி லிப்பிடு-ஏவை நேரடியாகப் பற்றுகிறது என்றும், மனிதரில் கேஸ்பேஸ்-4, 5 அதே பணியைச் செய்கின்றன என்றும் 2014இல் பெய்ஜிங்கில் ஃபெங் ஷாவோவின் குழு காட்டியது. இந்நொதிகள் வெட்டும் கேஸ்டெர்மின்-டி புரதம், அணுச்சவ்வில் துளையிட்டு அணுவை வெடிக்கச் செய்கிறது.