கடப்பாரையும் உப்புத்தாளும்

இயற்கை எவ்வளவு அடியைத் தாங்கும், எப்போது தாங்காமல் வேறொன்றாக மாறிவிடும் என்ற கேள்வியோடு ஆயுள் முழுக்க மல்லுக்கட்டியவர்கள் சூழலியலாளர்களான ராபர்ட் பெய்னும் சி. எஸ். ஹோலிங்கும். பெய்ன் 1933இல் பிறந்தவர். ஹோலிங் மூன்று வயது மூத்தவர். பெய்ன் சியாட்டிலில் பேராசிரியர். ஹோலிங் பல காலம் வான்கூவரில். இடையே இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனால், ஒருவருடைய வேலையை மற்றவரிடம் கொடுத்திருந்தால் ஒரு வருஷம் தாக்குப்பிடித்திருப்பாரா என்பது சந்தேகம்.

கேள்வி வந்த வழியே இருவருக்கும் வேறு. இலை தின்னும் உயிர்கள் இத்தனை இருந்தும் உலகம் ஏன் இன்னும் பச்சையாக இருக்கிறது என்று கேட்டவர்களில் பெய்னின் ஆசிரியர் ஃபிரெட் ஸ்மித்தும் ஒருவர். தின்பவற்றைத் தின்பவை அவற்றை அடக்கி வைக்கின்றன என்று 1960இல் அவரும் இரண்டு சகாக்களும் எழுதினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று தேடிப் போனவர் பெய்ன். ஹோலிங்குக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவர் கனடா அரசின் வனப்பூச்சி ஆய்வகத்தில் மாதச் சம்பளக்காரர். பைன் மரங்களைக் கெடுக்கும் பூச்சியின் கூடுகளை எலியும் மூஞ்சூறும் எவ்வளவு தின்கின்றன என்பதுதான் அவர் மேசைக்கு வந்த கோப்பு.

பெய்ன் தேடிய இடம் வாஷிங்டன் மாநிலத்தின் வடமேற்கு முனையில், மக்கா பழங்குடியினரின் நிலத்தையொட்டிய பாறைக் கரையில் கிடைத்தது. 1963 ஜூனில், சுமார் எட்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள பாறைத் துண்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். கடல் வற்றும் நேரம் பார்த்துப் போவார். பாறையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் நட்சத்திர மீன்களைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, முடிந்த தூரம் கடலுக்குள் வீசுவார். பக்கத்துப் பாறையைத் தொடவே இல்லை. செப்டம்பருக்குள் காலியிடத்தில் 60 முதல் 80 சதவீதம்வரை கொட்டலசு பிடித்துக்கொண்டது. அடுத்த கோடையில் மட்டி வந்து கொட்டலசையும் நெருக்கித் தள்ளியது. முன்பு 15 வகை உயிர்கள் இருந்த பாறையில் எஞ்சியவை 8. ஒரே ஒரு பாறைத் துண்டை வைத்து இவ்வளவு பெரிய முடிவா என்று இன்றைய ஆய்விதழ் ஏதேனும் திருப்பி அனுப்பியிருக்கக்கூடும். 1966இல் அது அச்சேறியது. 1969இல், வளைவின் உச்சியில் நின்று மொத்தக் கட்டுமானத்தையும் தாங்கும் கல்லின் பெயரை அந்த நட்சத்திர மீனுக்கு வைத்தார். ‘ஆதார உயிரினம்’ என்று நாம் பாடப்புத்தகத்தில் படிப்பது அதைத்தான்.

ஹோலிங்கின் புகழ்பெற்ற சோதனைக்குக் கடலும் வேண்டாம், காடும் வேண்டாம். ஒரு மேசை போதும். அதன்மேல் உப்புத்தாளை வட்ட வட்டமாக வெட்டிப் பரப்பினார். உதவியாளரின் கண்ணைக் கட்டி, விரல் நுனியால் தட்டித் தட்டி வட்டங்களை எடுத்து வைக்கச் சொன்னார். வட்டங்கள் கூடக்கூட எடுக்கும் எண்ணிக்கையும் கூடியது. ஆனால் ஓர் அளவோடு நின்றுவிட்டது. ஒவ்வொன்றையும் எடுத்து ஓரமாக வைக்க ஆகும் நேரம் குறுக்கே நின்றது. இரை பெருகிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தின்பவற்றால் ஈடுகொடுக்க முடியாது, பூச்சி கைமீறிவிடும். இதை அவர் சமன்பாடாக்கி 1959இல் வெளியிட்டார்; அது இன்றும் வகுப்பறையில் ஓடுகிறது.

பிறகு கனடாவின் நியூ பிரன்ஸ்விக் காடுகள். ஸ்ப்ரூஸ் மொட்டுப்புழு அங்கே முப்பது நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை படையெடுக்கும். அதைக் கொல்ல 1952 முதல் விமானத்திலிருந்து டிடிடி தெளித்தார்கள். மரம் பிழைத்தது, புழுவும் பிழைத்தது. தின்ன இலை எப்போதும் இருந்ததால் தாக்குதல் அடங்காமல் கனன்றுகொண்டே இருந்தது. புழு, முற்றிய பால்சம் ஃபிர் மரங்களைக் கொன்றால்தான் ஸ்ப்ரூஸுக்கும் பிர்ச்சுக்கும் இடம் கிடைக்கிறது என்று 1973இல் ஹோலிங் எழுதினார். எண்ணிக்கை தாறுமாறாக ஏறி இறங்குகிறது, ஆனால் காடு நிலைக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாத நிலை வேறு, மீள்திறன் வேறு என்று அவர் பிரித்த இடம் இது.

இந்த இரண்டு கண்டுபிடிப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. நட்சத்திர மீனும் சரி, மொட்டுப்புழுவும் சரி, கொலைகாரர்கள். இடத்தை மொத்தமாக வளைத்துப்போடும் ஓர் இனத்தைத் தின்று மற்றவற்றை வாழவைப்பவர்கள். இருவரும் ஒரே விடைக்குத்தான் வந்திருக்கிறார்கள். கொலைகாரனைப் பெய்ன் தானே அப்புறப்படுத்திப் பார்த்தார். ஹோலிங்குக்கு அந்த வேலையை அரசாங்க விமானங்கள் செய்துகொண்டிருந்தன. நிர்வாகம் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் ஒரு சோதனைதான், அதைச் சோதனையாகவே நடத்தி, பாடம் கற்று, திருத்திக்கொள்ளுங்கள் என்று 1978இல் ஹோலிங்கும் குழுவினரும் போட்ட புத்தகம் இந்த அனுபவத்தில் விளைந்தது.

மற்றபடி பாதைகள் பிரிகின்றன. பெய்ன், மக்கா மக்களின் அனுமதியோடு டாட்டூஷ் தீவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே பாறைகளில் உயிர்களை எண்ணினார். ஹோலிங் ஆஸ்திரியாவிலுள்ள பன்னாட்டுப் பயன்முறை அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனத்தின் இயக்குநரானார்; பிறகு ஃபுளோரிடா; 1999இல் மீள்திறன் ஆய்வாளர்களுக்கென ஒரு கூட்டமைப்பு. பொருளியலாளரையும் சமூகவியலாளரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது அவருடைய சாதனை. அதற்கு விலையும் உண்டு. மீள்திறன் என்ற சொல் வங்கிக்கும் நகரத் திட்டத்துக்கும் போய், அளக்க முடியாத புகழுரையாகிவிட்டது. பெய்னின் சொல்லும் தப்பவில்லை. பிடித்த விலங்கையெல்லாம் ஆதார உயிரினம் என்றார்கள். ஆனால் அவரால் வாதாட முடிந்தது. எண்ணிக்கைக்குப் பொருந்தாத அளவு பெரிய பாதிப்பு இருக்கிறதா என்று எடுத்துப் பார், இல்லாவிட்டால் சொல்லாதே என்ற வரையறையை 1996இல் சகாக்களோடு சேர்ந்து இறுக்கினார். அளவுகோல் கையிலிருந்தவருக்கு அது சாத்தியமானது. இந்த ஒரு விஷயத்தில் நான் பெய்ன் கட்சி.

1998இல் பெய்னே ஹோலிங்கின் கேள்விக்கு வந்து சேர்ந்தார். ஒரு பேரிடர் வந்தால் சூழல் பெரும்பாலும் மீண்டுவிடும். மீள்வதற்குள் அடுத்தது விழுந்தால் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம் என்று இரு சகாக்களோடு எழுதினார். புயலும் வெப்பமும் அடுத்தடுத்து வரும் இன்றைய கடற்கரைகளுக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை எனக்குத் தெரியாது.

பெய்ன் 2016இலும் ஹோலிங் 2019இலும் மறைந்தார்கள். இன்று இந்தத் துறைக்கு வரும் இளைஞருக்கு ஹோலிங்கின் பாதைதான் எளிதில் கிடைக்கும். மாதிரி வரைய, பட்டறை நடத்த, அறிக்கை எழுத நிதி இருக்கிறது. மூன்று வருஷத் திட்டத்தில் நாற்பது வருஷப் பாறை அகப்படாது. ஹோலிங் கேட்ட நிர்வாகச் சோதனையும் இதனால்தான் பல இடங்களில் பாதியில் நிற்கிறது. மருந்து அடித்த காட்டோடு ஒப்பிட, அடிக்காத காடு ஒன்றை விட்டுவைத்து, அது பட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டே பல வருஷம் எண்ண ஆள் வேண்டும். பெய்ன் தொடாமல் விட்ட பக்கத்துப் பாறைக்கு யாரிடமும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பட்டுப்போகும் காட்டுக்கு ஓர் அதிகாரி சட்டமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.