மஞ்சள் வந்த வரலாறு

மங்கலத்துக்கு மஞ்சள் என்பர். பொய் விற்கும் ஏட்டுக்கும் மஞ்சள் என்றே பெயர். ஏன்?

1896இல் நியூயார்க் நகரில், புலிட்சரின் 'வேர்ல்டு' ஏட்டில், மஞ்சள் அங்கி அணிந்த சேரிச் சிறுவனைத் தீட்டினார் ஓவியர் அவுட்கால்ட். அவ்வாண்டே அவரைத் தம் 'ஜர்னல்' ஏட்டுக்கு இழுத்தார் ஹெர்ஸ்ட். புலிட்சரோ வேறோர் ஓவியரைக் கொண்டு அதே சிறுவனைத் தொடர்ந்தார். பரபரப்பை விற்ற இரண்டுக்கும் 1897இல் 'மஞ்சள் ஏடுகள்' எனும் பட்டம் விழுந்தது.

1898 பிப்ரவரி 15. ஹவானாத் துறைமுகத்தில் அமெரிக்காவின் 'மெய்ன்' போர்க்கப்பல் வெடித்தது. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சான்று கிட்டுமுன்பே ஸ்பெயினின் சதியென முழங்கியது 'ஜர்னல்'. ஏப்ரலில் போர் மூண்டது. 1976இல் வெளிவந்த கடற்படை ஆய்வோ, கப்பலுக்குள் எழுந்த வெடிப்பே காரணமாகலாம் என்றது!

அச்சேறியதெல்லாம் உண்மையன்று, தோழர்களே! ஏட்டைப் படியுங்கள், சான்று எங்கே என்று கேளுங்கள்!