இயந்திரச் சதுரங்கமும் இரு நெறிகளும்

சதுரங்கம் இந்திய மண்ணில் தோன்றிப் பாரசீகம், அரபு நாடுகளின் வழியே மேலை நாடு சென்ற ஆட்டம் என்பது வரலாற்றறிஞர் பெரும்பாலார்க்கும் உடன்பாடு. அவ்வாட்டத்தில் கணினி 1997ஆம் ஆண்டில் உலக வாகையர் காஸ்பரோவை வென்ற செய்தியையும் பலர் அறிவர். ஆனால், அதற்கு முப்பது ஆண்டுகட்கு முன்பே மாஸ்கோவிலும் அமெரிக்காவிலும் இருந்த கணித அறிஞர்கள், கணினிக்கு நிரல் எழுதி ஒருவரையொருவர் வெல்ல முயன்ற கதை நம்மவரிடையே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அக்கதையை ஈண்டுச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன்.

1950இல் கிளாட் சேனன் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர், கணினியைச் சதுரங்கம் ஆடச் செய்வது எங்ஙனம் என ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்த்தல்கள் இயலும். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று எனப் பார்த்தாலே ஏறக்குறைய 1,000 வழிகள் பிறக்கும். முழு ஆட்டங்களின் தொகையோ, 1ஐ அடுத்து 120 சுழியங்கள் இட்டாற்போன்ற பேரெண். ஆகவே இறுதிவரை எண்ணிப் பார்த்தல் எந்தப் பொறிக்கும் ஆகாது. எஞ்சியவை இரண்டு நெறிகள். எல்லா நகர்த்தல்களையும் ஒன்றும் விடாது ஓர் எல்லைவரை பார்ப்பது முதல் நெறி. நல்லனவாகத் தோன்றும் சிலவற்றை மட்டும் பொறுக்கி ஆழமாகப் பார்ப்பது இரண்டாம் நெறி. சேனன் இரண்டாவதையே மேலாகக் கருதினார். மனிதர் ஆடும் முறையும் அதுதானே!

பாடநூல் முழுவதையும் புரட்டிவிட்டுத் தேர்வுக்குச் செல்லும் மாணவனையும், வரக்கூடுமெனத் தான் கருதும் பத்து வினாக்களில் மட்டும் ஊறித் திளைத்துச் செல்லும் மாணவனையும் ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம். பின்னவனையே கூர்மதியன் என்போம். அவன் ஒதுக்கிய பாடத்திலிருந்தே வினா வந்துவிட்டால் என்னாகும் என்பதும் நாம் அறியாததன்று.

அமெரிக்காவில் ஆலன் கோடாக் என்னும் மாணவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தியின் துணையோடு 1962ஆம் ஆண்டளவில் ஒரு நிரலை எழுதி முடித்தார். மெக்கார்த்தி பின்பு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் சென்று அதனைத் திருத்தினார். அது பொறுக்கும் நெறியைச் சார்ந்தது. முதற்படியில் நான்கே நகர்த்தல்களை எடுத்துக்கொள்ளும். ஆழம் செல்லச் செல்ல அதனினும் குறைவாக எடுக்கும். மாஸ்கோவிலோ, கோட்பாட்டு, சோதனை இயற்பியல் கழகத்தில் அலெக்சாந்தர் குரோன்ராட் தலைமை தாங்கிய கணிதப் பிரிவில், அடெல்சன்-வெல்ஸ்கி, அர்லசாரொவ் முதலானோர் எதையும் ஒதுக்காத நெறியில் ஒரு நிரலை அமைத்தனர்.

இரு திறத்தாரும் தனித்தனியே கண்டறிந்த நுட்பம் ஒன்று உண்டு. ஒரு நகர்த்தலுக்கு எதிரி தரக்கூடிய கொடிய விடை ஒன்று கிடைத்துவிட்டால், அந்நகர்த்தலை அப்போதே கைவிடலாம். அவன் தரக்கூடிய பிற விடைகளை ஆராய வேண்டுவதில்லை. இதனை அங்கே மெக்கார்த்தியும் இங்கே புருத்னோவும் கண்டனர். இது கண்மூடி ஒதுக்குதல் அன்று. ஒதுக்கியதால் முடிவு மாறாது என்பதற்குக் கணித உறுதி உண்டு.

1966 நவம்பர் 22ஆம் நாள் போட்டி தொடங்கியது. நகர்த்தல்கள் தந்தி வழியே சென்று வந்தன. நான்கு ஆட்டங்கள் முடிய ஏறத்தாழ ஒன்பது திங்கள் ஆயின. மாஸ்கோ நிரல் இரண்டு ஆட்டங்களில் 3 அரைநகர்த்தல் ஆழம்வரை தேடியது; அவ்விரண்டும் சமன். மற்ற இரண்டில் 5 அரைநகர்த்தல் ஆழம் தேடியது, இரண்டிலும் வென்றது. முடிவு 3க்கு 1. அமெரிக்க நிரல் ஆழமாகத்தான் பார்த்தது. ஆனால் பார்க்க வேண்டிய நகர்த்தலைத் தொடக்கத்திலேயே எறிந்துவிட்டால் ஆழத்தால் என்ன பயன்?

வென்றவர்க்கு வந்த பரிசு வேறு. கணினியின் பொழுதைச் சதுரங்கம் தின்கிறது என்று இயற்பியலார் முன்பே முணுமுணுத்தனர். 1968இல் யெசேனின்-வோல்பின் என்னும் கணித அறிஞரை அரசு மனநோய் மருத்துவமனையில் அடைத்தது. அதனை எதிர்த்துக் கணித அறிஞர் 99 பேர் ஒப்பமிட்ட மடலில் குரோன்ராடும் ஒப்பமிட்டார். அதனால் பதவி இழந்தார். மரபியலார்க்குப் பழ ஈ எப்படியோ, அப்படியே செயற்கை அறிவை ஆராய்வார்க்குச் சதுரங்கம் என்று அவர் உரைத்ததைப் பிற்காலத்தில் பலகால் எடுத்துச் சொன்னவர், போட்டியில் தோற்ற மெக்கார்த்தியே.

குரோன்ராடின் குழுவினர் வேறு கழகம் புகுந்தனர். டொன்ஸ்காய் என்பாரும் உடன்சேர, 1971 முதல் ‘கைசா’ என்னும் புதிய நிரல் உருவாயிற்று. கைசா என்பது சதுரங்கத்தின் தேவதை. 1763இல் தம் பதினாறாம் வயதில் அவளைப் பாட்டுடைத் தலைவியாக்கிய ஆங்கிலேயர் வில்லியம் ஜோன்ஸ் என்பார். பின்னாளில் கல்கத்தாவில் நீதிபதியாக அமர்ந்து ஆசியக் கழகத்தை நிறுவிய அதே ஜோன்ஸ்தான்! 1972இல் கைசா ஒரு செய்தித்தாளின் வாசகர்களோடு இரண்டு ஆட்டங்கள் ஆடியது. ஒன்றில் தோற்று, ஒன்றைச் சமன் செய்தது.

இதற்கிடையே, சிகாகோவை அடுத்த நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சிலேட், அட்கின் என்னும் இளைஞர்களின் நிரல் 1970 முதல் அமெரிக்கப் போட்டிகளில் ஆண்டுதோறும் வென்று வந்தது. அதுவும் பொறுக்கும் நெறியினதே. ஆனால் 1973இல் அவர்கள் அதனைப் புதிதாக எழுதியபோது பொறுக்குதலையே விட்டொழித்தனர். எது நல்லதெனத் தேர்வதில் கழிந்த பொழுது மிஞ்சியது. அதுவே எல்லாவற்றையும் பார்க்கப் போதுமானதாயிற்று. மாஸ்கோவின் நெறி இவ்வாறு அமெரிக்காவில் வேரூன்றியது.

1974 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் நகரில் முதல் உலகப் போட்டி நடைபெற்றது. 13 நிரல்கள் கலந்துகொண்டன. கைசா நான்கு சுற்றுகளிலும் வென்று வாகை சூடியது. சிலேட், அட்கின் நிரல் இரண்டாம் சுற்றில் வேறொன்றிடம் தோற்றமையால் கைசாவோடு மோதும் வாய்ப்பை இழந்தது. மக்கள் விழைந்ததால் தனியே ஓர் ஆட்டம் வைத்தனர், அது சமனாயிற்று.

அடுத்த போட்டி 1977இல் டொரொன்டோவில். முதற்சுற்றிலேயே வியப்பொன்று நிகழ்ந்தது. டியூக் பல்கலைக்கழகத்து நிரல், அரசியால் கைசாவின் அரசனைத் தாக்கியது. அரசனை ஒரு கட்டம் விலக்கினால் போதும் என எல்லாரும் கருதினர். கைசாவோ தன் கோட்டையை நடுவே வைத்து வீணே பலி கொடுத்தது. முன்னாள் உலக வாகையர் போட்வின்னிக்கும் அவையில் இருந்தார். நிரலில் பிழையென்றே யாவரும் எண்ணினர். ஆட்டம் தோல்வியில் முடிந்தது. பின்னர்க் கைசாவையே வினவியபோது உண்மை வெளிப்பட்டது. அரசன் விலகியிருந்தால் வெள்ளை தன் அரசியையே பலியிட்டு, மந்திரியாலும் கோட்டையாலும் அரசனை முடித்திருக்கும். அவையோர் ஒருவருக்கும் புலப்படாத அது, எதையும் ஒதுக்காத பொறிக்குப் புலப்பட்டது. அரசியை வீணே இழக்கும் நகர்த்தலை எவர்தாம் ஆராய்வார்? போட்வின்னிக் மனிதரைப்போல் பொறுக்கி ஆடும் நிரலொன்றை ஆண்டுக்கணக்கில் எழுதி வந்தவர் என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். அவரது ‘பயனியர்’ போட்டி எதிலும் ஆடவில்லை.

டொரொன்டோவில் வென்றவர் சிலேட்டும் அட்கினுமே. தனியாட்டத்திலும் கைசா அவர்களிடம் தோற்றது. நெறி ஒன்றாகிவிட்ட பின்பு, விரைந்த பொறி உடையவர் கை ஓங்கியது. 1980இல் லின்ஸ் நகரில், சதுரங்கத்திற்கென்றே மின்சுற்று அமைத்த ‘பெல்’ வென்றது. கைசா கலந்துகொண்ட இறுதி உலகப் போட்டி அதுவே.

பொறுக்கும் நெறி அத்துடன் மாண்டதென்று எண்ணுவது தவறாகும். 2017இல் இலண்டன் நிறுவனமொன்றின் ‘ஆல்பாசீரோ’, தானே ஆடித் தானே கற்று, நொடிக்கு 80,000 நிலைகளையே நோக்கி, 7 கோடி நிலைகளை நோக்கிய ‘ஸ்டாக்பிஷ்’ நிரலோடு 100 ஆட்டங்கள் ஆடியது. 28இல் வென்றது, மற்றவை சமன். போட்டி விதிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன என்ற குறை எழுந்ததும் உண்மையே. எனினும் 2020இல் ஸ்டாக்பிஷை எழுதுவோரும் கற்கும் வலையொன்றைத் தம் நிரலில் சேர்த்துக்கொண்டனர்.