பேரிளம்பெண்ணுக்குப் பிறகு: சூடு, மருந்து, கத்தி

1

தமிழ் உலா இலக்கியம் பெண்ணுக்கு ஏழு பருவம் வகுத்தது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்களுக்குள் வயதுக் கணக்கு முன்பின்னாக இருந்தாலும், பரவலாக வழங்கும் கணக்கில் இது 5 வயதில் தொடங்கி 40இல் முடிகிறது. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலா தொடங்கி ஒட்டக்கூத்தரின் மூவருலா வரை, பவனி வருகிறவனைப் பார்த்துக் காய்ந்து கருகுகிற பெண் உடம்புக்கு 40தான் எல்லை. 41ஆம் வயதிலும் அவள் அதே தெருவில்தான் நின்றிருப்பாள். ஆனால் அவளுக்குப் பெயர் கிடையாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெண் உடம்பில் ஏறும் சூட்டுக்கு இந்த மரபு தெரிந்து வைத்திருந்த காரணம் ஒன்றே ஒன்று: விரகதாபம். அதற்குச் சந்தனம் பூசுவார்கள், பனிநீர் தெளிப்பார்கள், தோழிமார் விசிறுவார்கள். எவனையும் பார்க்காமல், எவனுக்காகவும் இல்லாமல், நடுராத்திரியில் தானாகக் குப்பென்று ஏறி இறங்கும் சூடு ஒன்று உண்டு என்பதற்கு இந்த அலங்காரத்துக்குள் இடமே இல்லை.

இது கவிஞர்களின் குறை மட்டுமல்ல. சுஸ்ருத சம்ஹிதை மாதவிடாய் 12 வயதில் தொடங்கி 50இல் ஓய்வதாகச் சொல்லி நகர்ந்துவிடுகிறது. ஓய்ந்த பிறகு அந்த உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைத் தனி நோயாகவோ தனி நிலையாகவோ எடுத்துப் பேசவில்லை. சபரிமலையில் 10க்கும் 50க்கும் இடைப்பட்ட பெண்களுக்கு விதித்த தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 1991இல் ஏற்றது. உச்சநீதிமன்றம் 2018இல் தள்ளியது. நவீன அரசும் சளைத்ததல்ல. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் பேட்டி எடுக்கப்படும் பெண்களின் வயது 15 முதல் 49. கவிதை, மருத்துவ சாத்திரம், கோயில், சர்க்கார் என்று நான்கு அதிகாரங்கள். எண்கள் வேறு வேறு, கோடு ஒன்றுதான். பிள்ளை பெறக்கூடிய உடம்பே பெண் உடம்பு. கோயில் மட்டும் கோட்டைத் தாண்டியவளுக்குக் கதவு திறக்கிறது, அதுவும் அவள் இனிப் பெண்ணாக எண்ணப்பட மாட்டாள் என்பதால்.

கோட்டுக்கு அப்பால் விழுந்த இந்த உடம்பைக் கடைசியில் யார் கணக்கில் எடுத்தார்கள்? மேற்கில் மருந்துக் கம்பெனி. இங்கே அறுவை அரங்கு. இரண்டையும் சேர்த்து வாசிக்காமல் இந்தச் சூட்டின் வரலாற்றை எழுத முடியாது.

2

சென்னையிலிருந்து திருவள்ளூர் போகும் மின்சார ரயில் தடத்தில் திருநின்றவூரை அடுத்தது வேப்பம்பட்டு. நகரத்தில் வாடகை கொடுத்து மாளாதவர்கள் மனை வாங்கிக் குடிவந்த ஊர்களில் ஒன்று. அங்கிருந்து செவ்வாப்பேட்டை ரோடு, அடுத்தது புட்லூர். புட்லூரில் அங்காள பரமேஸ்வரி புற்று வடிவில், கர்ப்பிணிப் பெண்ணாக மல்லாந்து படுத்திருக்கிறாள். பிள்ளை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் இந்தத் தடமெங்கிருந்தும் அவளிடம் போகிறார்கள். எதிர்த்திசையில் சென்னைக்குப் போனால் எழும்பூரில் 1844இல் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய பெண்கள் மருத்துவமனை. சாமியும் ஆஸ்பத்திரியும் கண்ட பெண் ஒருத்திதான்: வயிற்றுப்பிள்ளைக்காரி.

சர்க்கார் அகராதியில் பெண்ணின் ஆரோக்கியத்துக்குப் பெயர் ‘தாய் சேய் நலம்’. அதற்கு மறுபக்கம் ‘குடும்பக் கட்டுப்பாடு’. 2019–21 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15–49 வயது மணமான பெண்களில் 57.8 விழுக்காட்டினர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பிள்ளை பெறுவதற்கும் நிறுத்துவதற்கும் இந்த உடம்பைத் தேடி வந்த நிர்வாகம், அதற்குப் பிறகு வந்தது சர்க்கரைக்கும் பிரஷருக்கும்தான். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவந்தது, நல்ல காரியம். ஆனால் அதன் மையமும் அவை இரண்டுதான்.

சடங்கிலும் இதே கதை. பெரிய மனுஷி ஆனால் மஞ்சள் நீராட்டு, பந்தல், சீர்வரிசை, மைக் செட். மாசமானால் வளைகாப்பு. நின்று போனால்? ஒன்றுமில்லை. ‘நின்னு போச்சு’ என்ற இரண்டு சொல்லோடு சரி. எது நின்று போனது என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை.

வேப்பம்பட்டில் காலை ரயிலைப் பிடித்து அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி ஏற்றுமதிக் கம்பெனிக்கோ, நகரத்தில் வீட்டு வேலைக்கோ, ஆஸ்பத்திரிகளைக் கூட்டித் துடைக்கவோ போகும் 47, 48 வயதுப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47. பெண்கள் பெட்டியின் நெரிசலில் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்புகிறது. கழுத்து, முகம், காது மடல் வரை காந்துகிறது. குப்பென்று வியர்த்து ஜாக்கெட் நனைகிறது. படபடப்பு. ஓரிரு நிமிஷத்தில் அடங்கிவிட்டால் பிறகு லேசாகக் குளிர்கிறது. ராத்திரி இதுவே மூன்று தடவை வந்தால் தூக்கம் போச்சு. மறுநாள் தையல் மெஷினில் பீஸ் கணக்கு குறைந்தால் சூப்பர்வைசரிடம் என்ன சொல்வது?

‘சூடு’ என்றுதான் சொல்வாள். தமிழில் சூடு என்பது சர்வ வியாதிக்கும் பெயர். கண் எரிந்தால் சூடு, பரு வந்தால் சூடு, நீர்க்கடுப்பு சூடு, மலச்சிக்கல் சூடு. அனுபவம் அசாதாரணமானது, சொல்லோ சாதாரணம். டாக்டர் அதைக் காய்ச்சல் என்று கேட்டு தெர்மாமீட்டர் வைப்பார், அதில் ஒன்றும் காட்டாது. வீட்டில் வெந்தயம் ஊறப்போட்டுத் தின்னச் சொல்வார்கள், மோர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி என்பார்கள். சித்த மருத்துவக் கணக்கில் வாழ்நாளின் நடுப்பகுதி பித்தத்தின் காலம், பித்தம் என்றால் உஷ்ணம். அதைத் தணிக்கச் சோற்றுக் கற்றாழை லேகியம். கற்றாழைக்கு அந்த மருத்துவம் வைத்த பெயர் குமரி. கிழவியாகிக்கொண்டிருப்பவளுக்குக் கொடுக்கும் மருந்தின் பெயரிலேயே இளமை! இதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கே போவோம். அங்கேயும் இதே வாக்குறுதிதான், பாட்டிலில் அடைத்து.

3

‘மெனோபாஸ்’ என்ற சொல்லுக்கே இருநூறு வயதுதான். பிரெஞ்சு மருத்துவர் கர்தான் 1821இல் அதை வழக்குக்குக் கொண்டுவந்தார். 1857இல் லண்டன் மருத்துவர் எட்வர்ட் டில்ட் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அவர் கைவசம் இருந்தவற்றில் அபினும் உண்டு, இரத்தம் வாங்குதலும் உண்டு. பெயர் வைத்த உடனேயே வைத்தியம் வந்துவிட்டது. வைத்தியத்துக்குத் தக்கபடி பெயர் நோயானது.

1872இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ராபர்ட் பேட்டி வேறொரு வழியைத் திறந்தார். பெண்ணின் ‘நரம்புக் கோளாறு’களுக்கு மருந்தாக நல்ல சினைப்பைகளை அறுத்தெடுப்பது. இருபது முப்பது வயதில் மெனோபாஸை உண்டாக்கும் இந்த ஆபரேஷன் அவர் பெயராலேயே பரவியது. இன்னொரு பக்கம் 1875இல் லிடியா பிங்க்கம் என்ற இல்லத்தரசி தன் பெயரில் விற்கத் தொடங்கிய மூலிகைக் கஷாயம், டாக்டர்களின் கத்திக்குப் பயந்த பெண்களிடம் அமோகமாகப் போனது. அதில் மூலிகையோடு சாராயமும் இருந்தது.

ஹார்மோன் வந்தது இருபதாம் நூற்றாண்டில். 1923இல் ஆலனும் டாய்சியும் சினைப்பைச் சுரப்பின் செயலைக் காட்டினார்கள். 1928இல் ஜெர்மனியில் ‘ப்ரோகினான்’ கடைக்கு வந்தது. 1938இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் செயற்கை ஈஸ்ட்ரோஜனை உருவாக்கினார். டி.இ.எஸ். என்ற அந்தப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, விலையும் சொற்பம். அதைக் கர்ப்பிணிகளுக்கும் கொடுத்தார்கள். அவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைகள் சிலருக்கு அரிய வகைப் புற்றுநோய் வந்ததை 1971இல்தான் கண்டுகொண்டார்கள். 1942இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ‘ப்ரெமரின்’ சினைக் குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுக்கப்பட்டது. பெயரிலேயே அந்த மூலம் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

1966இல் நியூயார்க் மருத்துவர் ராபர்ட் வில்சன் ‘என்றும் பெண்மை’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். மெனோபாஸ் ஒரு குறைபாட்டு நோய், சர்க்கரை வியாதிக்காரனுக்கு இன்சுலின் மாதிரி இவளுக்கு ஈஸ்ட்ரோஜன் என்றார். மருந்துக் கம்பெனிகளின் பணம் அவருக்குப் போயிருந்தது பின்னால் வெளியானது. அந்தப் புத்தகம் சூட்டைப் பற்றிப் பேசியதைவிட, கணவனுக்கு மனைவி எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசியதே அதிகம். உலாவின் பேரிளம்பெண்ணை 40இல் நிறுத்தாமல் ஆயுசுக்கும் இழுக்கும் திட்டம் என்று சொல்லலாம். குமரி லேகியத்தின் அமெரிக்க அவதாரம்.

1975இல் தனி ஈஸ்ட்ரோஜன் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயைப் பெருக்குகிறது என்று இரண்டு ஆய்வுகள் சொல்லின. கூடவே ப்ரோஜெஸ்டின் சேர்த்து வியாபாரம் மீண்டது. பிறகு 2002 ஜூலை. 16,608 பெண்களிடம் நடந்த அமெரிக்க அரசு ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது. மருந்து தின்ற பத்தாயிரம் பெண்களில் வருஷத்துக்கு எட்டுப் பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய், எட்டுப் பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதம். உலகமே மாத்திரையைத் தூக்கி எறிந்தது. ஆனால் அந்த ஆய்வு கேட்ட கேள்வி வேறு: இந்த மருந்து மாரடைப்பைத் தடுக்குமா? பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. 48 வயதில் வேர்த்து விழித்திருப்பவளைப் பற்றிய ஆய்வு அல்ல அது. அவளைக் கேட்காமலேயே அவளுக்குத் தீர்ப்பு வந்தது.

4

நம் மாதிரி ஆட்கள் உடனே ஒரு முடிவுக்குத் தாவிவிடுவோம். மெனோபாஸ் என்பதே மருத்துவ அதிகாரத்தின் கட்டமைப்பு, முதலாளியச் சந்தை இயற்கையை நோயாக்கியது, கிழக்கத்தியப் பெண்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது. இந்த வாதத்துக்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. மார்ஷா ஃபிளின்ட் என்ற மானிடவியலாளர் ராஜஸ்தான், இமாசலப் பகுதிகளின் ராஜபுத்திரப் பெண்களிடம் பேசி 1975இல் எழுதினார். மாதவிடாய் நின்ற பிறகு அவர்களுக்கு முக்காட்டிலிருந்து விடுதலை, ஆண்களோடு உட்கார்ந்து பேசும் உரிமை. அவர்கள் உபாதை எதையும் அதிகம் சொல்லவில்லை. மார்கரெட் லாக் 1993இல் ஜப்பானைப் பற்றி எழுதிய நூலில், அங்கே ஹாட் ஃபிளஷுக்கென்று தனிச் சொல்லே இல்லை, அதைச் சொன்னவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான், வட அமெரிக்காவில் மூன்றில் ஒருவர் என்று காட்டினார். உடம்பும் ஊருக்கு ஊர் மாறும் என்பது லாக்கின் முடிவு. முக்கியமான முடிவு.

ஆனால் இந்த வாதம் இங்கே வந்து சேரும்போது என்னவாகிறது? ‘நம்ம பொம்பளைங்களுக்கு அதெல்லாம் வராது’ என்று ஆகிறது. சொல் இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிறது. ராஜபுத்திரப் பெண்ணுக்கு வயது கூடியதால் அந்தஸ்து கூடியது. அம்பத்தூர் மெஷினில் உட்காருகிறவளுக்கு வயது கூடினால் வேலை போகும். கிழக்கு என்று ஒன்றில்லை. ஜாதியும் கூலியும் ஷிப்டும் உள்ள பல கிழக்குகள் இருக்கின்றன. மருத்துவமயமாக்கத்தைத் திட்டுவதற்கு முதலில் மருத்துவம் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வேப்பம்பட்டுப் பெண்ணுக்கு மிகையாக மருத்துவம் நடக்கவில்லை. சுகாதார மையத்தில் அந்தக் கேள்வியையே யாரும் அவளிடம் கேட்டதில்லை.

இந்தியப் பெண்ணுக்கு மருத்துவம் மிகையாக நடந்த ஒரே இடம் கருப்பை. 2019–21 கணக்கெடுப்பில் 15–49 வயதுப் பெண்களில் 3.3 விழுக்காட்டினருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திராவிலும் தெலுங்கானாவிலும் இது இன்னும் அதிகம். பெரும்பாலும் தனியார் ஆஸ்பத்திரிகள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் சுமார் 82 ஆயிரம் பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பை இல்லாதவர்கள் என்று 2019இல் தெரியவந்தது. மாதவிடாய் வந்தால் கூலி போகும், கருப்பையே போனால் கூலி நிற்கும். உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் அமல்படுத்த உத்தரவிட்டது.

கருப்பையோடு சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் சூடு மெல்ல வராது, ஆபரேஷன் ஆன சில நாளிலேயே மூர்க்கமாக வரும். சினைப்பையை விட்டுவைத்தாலும் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும் வாய்ப்பு அதிகம். முப்பத்தைந்து வயதில் வேர்த்து எழுந்து உட்காருகிறவளிடம், எதை எடுத்தார்கள் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பேட்டியின் 1872 இங்கே முடியவில்லை.

5

அந்தச் சூடு கற்பனையல்ல. நயோமி ரான்ஸ் 1990இல், மாதவிடாய் நின்ற பெண்களின் மூளையில் ஹைப்போதலமஸ் பகுதியின் சில நரம்பணுக்கள் பெருத்திருப்பதைக் காட்டினார். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கடிவாளம் இழக்கும் இந்த அணுக்கள், பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்தைச் சீண்டுகின்றன. உடம்பு சூடாகிவிட்டது என்று மூளை தப்பாகக் கணக்குப் போட்டு ரத்தக் குழாயை விரித்து வேர்க்க வைக்கிறது. அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் ஹார்மோன் அல்லாத மருந்து, ஃபெசொலினெடன்ட், 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே கல்லீரல் பாதிப்பு பற்றிய கடும் எச்சரிக்கையும் அதில் ஏறியது. ஐம்பது வருஷமாக மருந்து விற்றவர்கள், சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடியது கடைசியில்தான்.

சூட்டுக்கு அதிகம் கேட்பது இன்றும் ஈஸ்ட்ரோஜன்தான். 60 வயதுக்குள், நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்கினால், மார்பகப் புற்றுநோயோ ரத்தக்கட்டோ வந்திராதவர்களுக்கு, பெரும்பாலும் நன்மை தீமையை விஞ்சும் என்பது 2002 ஆய்வைத் திரும்பப் படித்ததன் முடிவு. கருப்பை இருப்பவளுக்கு ப்ரோஜெஸ்டோஜென் கூடவே வேண்டும். தோலில் ஒட்டும் பட்டைக்கு ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. ஹார்மோன் ஆகாதவர்களுக்குக் குறைந்த அளவில் சில மனச்சோர்வு மருந்துகளும் காபாபென்டினும் ஓரளவு உதவும். வெற்று மாத்திரை கொடுத்தாலே ஆய்வுகளில் சூடு பாதிக்குப் பாதி குறைகிறது என்பதும் உண்மை. வெந்தயமும் குமரியும் கேட்கிறது என்று சொல்பவள் பொய் சொல்லவில்லை. அவற்றை விற்பவன் உத்தரவாதம் கொடுத்தால்தான் பொய்.

நிற்பது வியாதியல்ல. ஆனால் நின்றதால் தூங்காமல் கிடப்பது அவள் விதியுமல்ல. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒன்றாகச் சொல்லும் இடம் நம் சிந்தனையில் இன்னும் இல்லை. முதலாவதை மட்டும் சொல்லிக் கம்பெனியை எதிர்க்கலாம், பெண்ணைக் கைவிடலாம். இரண்டாவதை மட்டும் சொல்லிப் பெண்ணைக் கம்பெனியிடம் ஒப்படைக்கலாம்.

செய்ய வேண்டியது பெரிய புரட்சியுமல்ல. வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கும் பெண் தன்னார்வலர், ‘நின்னுடுச்சாக்கா? ராத்திரி வேர்க்குதா? ஆபரேஷன்ல எதை எடுத்தாங்க?’ என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்கலாம். கணக்கெடுப்பு 49இல் பேனாவை மூடாமல் இருக்கலாம். கம்பெனியில் மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் மாற்றிக் கொடுக்கலாம். இதெல்லாம் சீர்திருத்தவாதம் என்று யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் 48 வயதில் யார் இருக்கிறார்கள், அவர் ராத்திரி தூங்குகிறாரா என்று ஒருமுறை கேட்டுவிட்டு வரட்டும். விவாதத்தை அதற்கப்புறம் தொடரலாம்.