டி.எஸ்.பாலையா: ஓரத்தில் நின்றே நிலைத்தவர்

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். பேசுவது பெரும்பாலும் நாகேஷ்தான். ஆனால் நமக்குச் சிரிப்பு வருவது, எதிரே உட்கார்ந்து பயத்தில் நடுங்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்து! அந்த அப்பாதான் டி.எஸ்.பாலையா.

1914-ல் பிறந்த பாலையா நாடக மேடையில் வளர்ந்தவர். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் கேட்க வேண்டும். ராஜபார்ட் நடிகருக்குப் பாட்டு கைகொடுக்கும். மற்றவர்களுக்குப் பேச்சும் முகபாவமும்தான் மூலதனம்.

1936-ல் எல்லிஸ் ஆர்.டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் கதாநாயகன் எம்.கே.ராதாவைக் கெடுக்கும் வில்லனாகப் பாலையா சினிமாவுக்கு வந்தார். அதே படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராகச் சின்ன வேடத்தில் அறிமுகமானவர் எம்.ஜி.ஆர்! இருபது வருடம் கழித்து 'மதுரை வீரன்' (1956) வந்தபோது எம்.ஜி.ஆர். பெரிய ஹீரோ. பாலையா அப்போதும் வில்லன்தான்.

இதை அவருடைய தோல்வி என்று சொல்லலாமா? அந்தக் கால ஹீரோக்களின் கதையைப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

'அம்பிகாபதி'யில் (1937) பாலையா எதிர்த்து நின்றது எம்.கே.தியாகராஜ பாகவதரை. பாகவதரின் பாட்டுக்கு நாடே மயங்கிக் கிடந்தது. ஆனால் 1944-ல் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி, 1947-ல் விடுதலையாகி வந்த பிறகு அவருடைய படங்கள் பழையபடி ஓடவில்லை. ரசனையும் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி' வந்தது. அதில் கே.ஆர்.ராமசாமியின் நண்பன் மணியாக வந்து, வசனத்தாலேயே பெயர் வாங்கினார் பாலையா. பாட்டை நம்பியவர்களைத் தள்ளிய அதே அலை, பேச்சை நம்பியவரை மேலே தூக்கியது.

'தூக்குத் தூக்கி'யில் (1954) சேட்ஜி, 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் தவில்காரர் என்று ஒவ்வொரு வேடத்திலும் வேறு ஆளாகத் தெரிந்தார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் 'திருவிளையாடல்' (1965). பாண்டிய நாட்டையே சவாலுக்கு இழுக்கும் ஹேமநாத பாகவதர் வேடம். பாலமுரளிகிருஷ்ணாவின் குரலுக்கு வாயசைத்து, சபையில் அவர் காட்டும் கர்வம் ஒரு அழகு. இரவில் திண்ணையில் விறகுவெட்டி பாடுவதைக் கேட்டு அந்தக் கர்வம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவது இன்னொரு அழகு. அதே படத்தில் பாணபத்திரராக நடித்த டி.ஆர்.மகாலிங்கம், 1940-களில் பாடியே புகழ்பெற்ற கதாநாயகன் என்பதையும் கவனியுங்கள்.

1972-ல் மறையும் வரை பாலையா நடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தாறு வருடம்! ஹீரோக்கள் வந்தார்கள், போனார்கள். பக்கத்தில் நின்றவர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த முறை டிவியில் 'திருவிளையாடல்' போட்டால், சிவாஜி பாடும்போது ஒரு நிமிடம் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். பேசாமலேயே ஒருவர் எவ்வளவு சொல்ல முடியும் என்பது புரியும்.